ஜாமீன்தாரர் போன கரிசல் காடு

உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒருத்தர் இருப்பார். ஆடிட் வருகிறதா, கம்ப்யூட்டர் படுத்துவிட்டதா, மேனேஜர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போகிறாரா... செக்ஷனே வெலவெலத்துக் கிடக்கும்போது இவர் மட்டும் டிபன் பாக்ஸைத் துடைத்துக்கொண்டே, "கர்த்தர் பாத்துக்குவாரு சார்" என்பார். நமக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்து ஆடிட்டுக்குப் பதில் எழுதப் போவது கர்த்தர் அல்ல, நாம்!

எங்கள் செக்ஷனில் இருந்தவர் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் 'பாத்துக்குவார்'. அது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொண்டதே இல்லை. அதில் எங்களுக்கு இன்னும் எரிச்சல்.

2016-ல் அவர் சொசைட்டியில் கடன் போட்டார். ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் தேடினார். ஜாமீன் என்றால் என்ன என்று கல்யாணமாகாத வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: அடுத்தவர் பணம் வாங்குவார், நாம் தூக்கத்தைக் கொடுப்போம். ஒரு மத்தியானம், அவர் ஊர்க் கடலை மிட்டாய் என் வாயில் இருந்த நேரம் பார்த்துப் பேப்பரை நீட்டினார். போட்டுத் தொலைத்தேன். (அந்த மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், பொட்டலத்தின் மேல் ஒரு எச்சரிக்கை வாசகமும் போட்டிருக்க வேண்டும்.)

ஆகஸ்டில் அவருடைய அப்பா வரப்பில் தடுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். மகன் சம்பளமில்லாத லீவில் ஊருக்குப் போனார். சம்பளம் இல்லை; அதனால் பிடித்தம் இல்லை; அதனால் செப்டம்பர் கடைசியில் சொசைட்டியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எனக்கு! உடனே போன் போட்டேன். "கவலப்படாதீங்க சார், கர்த்தர்..." என்று ஆரம்பித்தார். லைனைத் துண்டித்துவிட்டு, மறுநாள் வெள்ளிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன்.

கோவில்பட்டியில் இறங்கியபோது இன்னும் விடியவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஹாக்கி மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு பையன்கள் சைக்கிளில் போனார்கள். நமக்கெல்லாம் கிரிக்கெட் எப்படியோ அப்படி இந்த ஊருக்கு ஹாக்கி. பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மாள், "ஆபீசுக்கு நேரமாச்சு" என்று பறந்துகொண்டிருந்தார். நம் இனம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ். மழையை நம்ப முடியாத சீமையில் வெயிலையே முதலாகப் போட்டு வளர்ந்த தொழில். குச்சி காயவேண்டுமே!

எட்டயபுரம் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினேன். ஊரைத் தாண்டியதும் கரிசல் ஆரம்பித்துவிட்டது. கோடையில் பாளம் பாளமாக வெடித்து, காலை விட்டால் கணுக்கால்வரை உள்ளே போகும் மண். மழை பெய்துவிட்டாலோ செருப்பில் அப்பிக்கொண்டு, நீங்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் ஒரு கிலோ நிலம் உங்கள் பேருக்குப் பட்டாவாகிவிடும். காவிரி மாதிரி வந்து பாயும் ஆறு கிடையாது. வருஷத்துக்குச் சராசரி சுமார் 700 மி.மீ. மழை என்பார்கள். சராசரியெல்லாம் நம்மைப்போல் கணக்கு எழுதுகிறவர்களுக்குத்தான். விவசாயிக்கு ஒரு வருஷம் பொய்க்கும், ஒரு வருஷம் மூழ்கடிக்கும். 2023 டிசம்பர் 17, 18-ல் தூத்துக்குடி மாவட்டத்தில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். நான் போனது அதற்கு நேர் எதிரான வருஷம்.

'வானம் பார்த்த பூமி' என்று இதற்குப் பெயர். அண்ணாந்து பார்ப்பதில் இங்கே மதபேதம் கிடையாது.

நண்பரின் கிராமத்தில் இறங்கி, ஊர் முனை டீக்கடையில் விசாரித்தேன்.

"ஓ... அந்த வேதக்கார வீடா?" என்றார் கடைக்காரர்.

தெற்கே கிறிஸ்தவர்களுக்கு அதுதான் பெயர். வேதக்காரர். அவர்கள் கும்பிடுவது வேதக்கோயில். ஒருவர் மதம் மாறினால் 'வேதத்துல சேந்துட்டாரு'. இன்னொரு கூத்தும் உண்டு. சி.எஸ்.ஐ. சபையின் குருவானவரை இந்தப் பக்கம் 'ஐயர்' என்பார்கள். அவர் சம்சாரம் 'ஐயரம்மா'. "ஐயர் வீட்ல இன்னிக்கு கோழிக் குழம்பு" என்று பஸ்ஸில் யாராவது சொன்னால் நீங்கள் திடுக்கிட வேண்டியதில்லை.

டீயை வாங்கிக்கொண்டு, "ஆளுங்க எப்படி?" என்று மெல்லக் கேட்டேன்.

"பொண்ணு குடுக்கப் போறீகளோ?"

"இல்லீங்க. கையெழுத்துக் குடுத்துட்டேன்."

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் என்னை அனுதாபமாகப் பார்த்து, நகர்ந்து இடம் கொடுத்தார்கள். விசாரணை தொடங்கியது.

"பெரியவருக்குத் திமிரு வே" என்றார் முதல் ஆள். "நாள் பாக்கமாட்டாரு, நட்சத்திரம் பாக்கமாட்டாரு. அஷ்டமியில விதைக்காரு! கேட்டா, எல்லா நாளும் ஆண்டவரு குடுத்ததுதானங்காரு. அப்ப நாங்கள்லாம் பஞ்சாங்கத்தைப் பாத்துக் கெட்டுப்போனோமாக்கும்?"

"கோயில் வரி குடுக்கமாட்டாரு" என்றார் இரண்டாவது ஆள். "மழைக்கஞ்சி காய்ச்சுதோம்னு வரி கேட்டுப் போனோம். கும்பிடு போட்டு, அது நம்மால ஆகாதுப்பான்னுட்டாரு. சரி, போறாருன்னு விட்டுட்டோம். மறுநா காலையில ஒரு வண்டி வெறகு வந்து எறங்குது. கஞ்சி காய்ச்சவாம். அதை என்ன கணக்குல எழுத? இப்பவரைக்கும் எழுதாமத்தான் கெடக்கு."

கடைக்காரர் மட்டும் யோசித்துச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை எந்தச் சோலிக்கும் கூப்பிட முடியாது. ஆனா ஒண்ணு. இந்தக் கடையில அந்த வீட்டுக்குக் கடன் நோட்டு கெடையாது."

"வேதக்காரங்க எல்லாருமே அப்படித்தானோ?" என்றேன், பரவசமாக.

"மத்த வேதக்காரக நோட்டு இருக்கு. எடுத்துக் காட்டட்டுமா?"

காட்டுக்குப் போனேன். எங்கள் செக்ஷனின் சீனியர் அசிஸ்டென்ட், பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, தலையில் துண்டோடு உளுந்து விதைத்துக்கொண்டிருந்தார். அவர் கை வீசிப் போக, பின்னால் டிராக்டர் கிளறி மூடிக்கொண்டு வந்தது. மண்ணில் ஈரத்தின் வாசனைகூட இல்லை. வெறும் புழுதி. அண்ணாந்து பார்த்தேன். துடைத்துவைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி வானம். என் ஜாமீன் பணம் பிடி பிடியாகப் புழுதிக்குள் போவதைக் கண்ணால் கண்டேன்.

"என்ன சார் இது? மழையே வரலையே!"

"வந்தப்புறம் விதைக்க முடியாது சார்" என்றார்.

அப்புறம்தான் விளங்கியது. இந்த மண்ணில் மழை விழுந்துவிட்டால் உழவு இறங்காது. சேறு காய்ந்து பதம் வருவதற்குள் பருவம் பல நாள் பின்தங்கிவிடும். கடைசியில் பூக்கிற நேரத்துக்கு ஈரம் இருக்காது. ஆகையால் புரட்டாசியில், மழைக்கு முன்பே, புழுதியிலேயே விதைத்துவிடுகிறார்கள். நல்ல மழை விழுந்தால் முளைக்கும். அரைகுறைத் தூறல் விழுந்தால் முளைத்துவிட்டுக் கருகும். மறுபடி விதை வாங்கி மறுவிதைப்பு. இது மூடநம்பிக்கை அல்ல. 1901-லிருந்து கோவில்பட்டியில் இருக்கிற வேளாண் ஆராய்ச்சி நிலையமே முன்பருவ விதைப்புக்கு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறது. விதையை ஊறவைத்து, மறுபடி காயப்போட்டு, கொஞ்சம் வறட்சி தாங்குகிற மாதிரி கடினப்படுத்துவதுகூட உண்டு. பக்கத்துப் புஞ்சையில் நெற்றி நிறையத் திருநீறோடு ஒருவர் இதையேதான் செய்துகொண்டிருந்தார். நல்ல நாள் பார்த்து!

"கர்த்தர் பாத்துக்குவாருன்னா இதுதானா?" என்றேன்.

"ஆபீஸ்ல சொன்னா சிரிக்காங்க. இங்கன யாரும் சிரிக்கமாட்டாங்க சார்."

"அப்பா எங்கே?"

"சந்தைக்குப் போயிருக்காக. எட்டயபுரத்துல இன்னிக்கு சந்தை."

முறிந்த கையோடு சந்தைக்கு என்ன அவசரம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கடன் பேச்சையும் எடுக்கவில்லை. வெயிலில் வியர்த்து நிற்கிற மனிதரிடம் எப்படிக் கேட்பது? சாயந்தரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

மத்தியானம் என்னை டி.வி.எஸ்.ஸில் உட்காரவைத்து, கோவில்பட்டியைத் தாண்டி காமநாயக்கன்பட்டிக்கு அழைத்துப்போனார். "நாங்க சி.எஸ்.ஐ., இது ஆர்.சி. கோயில். இருந்தாலும் ஊர் பாக்க வந்தவுகளுக்கு இதைக் காட்டாம அனுப்பப்படாது" என்றார். பரலோக மாதா கோயில். ஆகஸ்ட் 15-ல் தேர். நேர்த்திக்கடன் வைத்துக்கொண்டு எல்லா மதத்து ஜனங்களும் வந்து குவிகிறார்கள். அந்தக் காலத்தில் எட்டயபுரம் பாளையத்துக்குள் இருந்த ஊர் இது. பள்ளிக்கூடத்தில் பரமார்த்த குரு கதை படித்துச் சிரித்தோமே, அதை எழுதிய வீரமாமுனிவர் 1711-ல் தமிழ்நாட்டுக்கு வந்து, ஆரம்ப வருஷங்களில் பணி செய்த இடங்களில் ஒன்று. அப்போது அவர் பெயர் தைரியநாதர். இத்தாலிக்காரர், சந்நியாசி வேஷம். அந்த வேஷத்தைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. நம் ஜனங்களுக்குக் கொடுத்த மரியாதை என்பது ஒன்று. ஆள் பிடிக்கிற தந்திரம் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டுமே முழுசாகப் பிடிபடவில்லை. வெறும் வேஷத்துக்காக ஒரு மனுஷன் நிகண்டுக்குப் பதில் சதுரகராதி தொகுத்துக்கொண்டு, 1747-ல் சாகும்வரை வெயிலில் கிடப்பானா?

திரும்புகிற வழியில் தூரத்தில் கழுகுமலையைக் காட்டினார். வெட்டுவான் கோயிலைப் பார்க்க நான் துடித்தேன். அவர் வேறொன்று சொன்னார். 1895-ல் பங்குனித் தேர் சமயத்தில் அங்கே கலவரம். தேர் வீதியில் ஊர்வலம் போக உரிமை கிடைக்காத ஒரு பிரிவினர் வேதத்தில் சேர்ந்து, அதே வீதியில் ஒரு சிறு கோயிலும் வைத்தார்கள். தேர் வந்தது, பந்தல் மறித்தது, கை கலந்தது. இரண்டு தரப்பிலும் உயிர்கள் போயின.

"அதுவும் எங்க பேர்லதான் சார் இருக்கு. வெறகு குடுத்தது மட்டும் எங்க கதையில்ல" என்றார் நண்பர். இந்த ஆள் ஆபீஸில் இப்படி ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்தபோது பெரியவர் திரும்பியிருந்தார். கை தூளியில். "வாங்க தம்பி. மண்ணு செருப்பக் கடிச்சுதா?" என்றார். ராத்திரி முற்றத்தில் கட்டில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். அந்த வருஷம்தான் மத்திய அரசின் புதுப் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்திருந்தது. அதற்குப் பணம் கட்டப்போவதாகச் சொன்னார். விடுவேனா நான்?

"கர்த்தர் பாத்துக்குவாருன்னா இன்ஷூரன்ஸ் எதுக்குங்க ஐயா?"

"வீட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான தம்பி ஜெபம் பண்ணுதோம்" என்று சிரித்தார்.

அவர் சொல்லித்தான் ராக்லண்ட் பெயரை முதன்முதலில் கேள்விப்பட்டேன். ஊருக்கு வந்தபிறகு தேடிப் படித்தேன். தாமஸ் ராக்லண்ட், கேம்பிரிட்ஜ் படிப்பாளி. 1841 கணக்குப் பரீட்சையில் நாலாவது ராங்க். கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஃபெல்லோ. சென்னையில் மிஷன் சங்கத்தின் செயலாளர் நாற்காலி. நம் பாஷையில் சொன்னால், ஏ.சி. ரூம், தனி பியூன். அதை விட்டுவிட்டு 1854-ல் வட திருநெல்வேலிக் கரிசலில், சிவகாசி, சாத்தூர் சுற்றுவட்டாரத்தில் கூடாரம் போட்டு ஊர் ஊராக நடக்க ஆரம்பித்தார். கூட ஃபென், மெடோஸ் என்று இரண்டு வாலிபர்கள். தெற்கத்திச் சபைகளிலிருந்து நம்மூர் உபதேசியார்கள் முறைவைத்து வந்து சேர்ந்துகொண்டார்கள்.

எனக்கு யோசனை ராக்லண்டைப் பற்றி அல்ல. அவரைப் பார்த்த சம்சாரிகளைப் பற்றி. பக்கத்துக் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டது 1799 அக்டோபரில். ஐம்பத்தைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. கண்ணால் பார்த்த கிழவர்கள் சிலர் உயிரோடுகூட இருந்திருக்கலாம். கரிசலில் வெள்ளைக்காரன் கூடாரம் அடித்தால் ஜனங்கள் என்ன நினைத்திருப்பார்கள்? ஒன்று வரி, இல்லாவிட்டால் துப்பாக்கி. இந்த ஆளோ இரண்டும் இல்லாமல் வந்து நிற்கிறான். நம்பச் சொன்னால் யார் நம்புவார்கள்? நாலு வருஷம் நடந்தும் பெரிய கூட்டம் ஒன்றும் சேர்ந்துவிடவில்லை. நெஞ்சு நோயாளி வேறு. சீமைக்குக் கப்பலேறிப் பிழைத்திருக்கலாம். ஏறவில்லை. 1858 அக்டோபர் 22-ல், நாற்பத்து மூன்று வயதில், சிவகாசியில் ரத்தம் கக்கிச் செத்துப்போனார். நல்ல மழைக்காலம் பிறக்கிற ஐப்பசி அது. டோனாவூரில் இருந்த ஏமி கார்மைக்கேல் பிற்பாடு, 1922-ல், அவர் சரித்திரத்தை ஒரு புத்தகமாக எழுதினார்.

"கூட்டம் சேக்கல, ஒண்ணும் சேக்கல. ஆனா போகலல்லா?" என்றார் பெரியவர். அவ்வளவுதான். போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டார். நான்தான் தூங்கவில்லை. சொசைட்டிக் கடிதம் பையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்கு அழைத்தார்கள். போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பெண்கள் கைப்பிடி அரிசியைக் கொண்டுவந்து கொட்டினார்கள். தினமும் உலையில் போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பார்களாம். ஐயர் மழைக்காக ஜெபம் பண்ணினார். 'ஊராருக்காகவும்' என்று சேர்த்துக்கொண்டார். மேகம் பார்த்துப் பெய்யட்டும், ஆள் பார்த்துப் பெய்யவேண்டாம் என்பதுபோல!

சாப்பிட்டுக் கிளம்பும்போது பெரியவர் ஒரு கவரைக் கொடுத்தார். "சொசைட்டிக்குக் கட்டிருங்க தம்பி. ரெண்டு மாசத்துக்கு இருக்கு. உங்க பேர் கெடப்படாது." மகன் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு அது புதுச் செய்தி என்று தெரிந்தது.

பஸ்ஸுக்காக டீக்கடையில் நின்றேன். மனசு லேசாகி, இரண்டு வடை சாப்பிட்டேன்.

"பணம் வந்துட்டுதோ?" என்றார் கடைக்காரர்.

"எப்படித் தெரியும்?"

"நேத்து ரெண்டு கிடாயும் இந்த வழியாத்தான போச்சு. ஒத்தக் கையில பிடிச்சிட்டுப் போனாரு. கிறிஸ்துமசுக்குன்னு வளத்தது. மெட்ராஸ்ல ஒரு தம்பிக்கு எம்மகனால ராத்தூக்கம் போச்சுன்னாரு. நீங்கதானா அது?"

மூன்றாவது வடை இறங்கவில்லை.

நண்பர் நவம்பரில் வேலைக்குத் திரும்பினார். மிச்சக் கடன் சம்பளத்தில் ஒழுங்காகப் பிடித்தமானது. ஆனால் மழை வரவில்லை. அந்த வருஷ வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்கப் பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் பூராவையும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவித்தார்கள். அஷ்டமியில் விதைத்ததும் போச்சு, நல்ல நாள் பார்த்து விதைத்ததும் போச்சு. செக்ஷனில் யாரும் 'பாத்துக்குவார்' என்று கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வரவில்லை. அவரோ வழக்கம்போல டிபன் பாக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாசியில், "எங்க சபையில அறுப்பின் பண்டிகை சார், வாறீங்களா?" என்றார்.

"அறுக்கத்தான் ஒண்ணுமில்லையே?"

"பண்டிகை உண்டு சார்."

போனேன். அறுப்பின் பண்டிகை என்றால், வெள்ளாமையில் ஒரு பங்கைக் கோயிலில் கொண்டுவந்து படைத்து, பிறகு ஏலம் விடுவது. நல்ல வருஷத்தில் மூட்டை மூட்டையாகக் குவியுமாம். அன்றைக்கு இரண்டு பூசணி, ஒரு கூடை முட்டை, ஒரு சேவல், யாரோ கடையில் வாங்கிவந்த அரிசி. பெரியவர் கை கூடிவிட்டிருந்தது. அடுத்த விதைப்புக்கு என்று வைத்திருந்த உளுந்தில் ஒரு படி அளந்து வைத்தார்.

ஏலத்துக்கு ஊரே வந்திருந்தது. கடைக்காரர், கஞ்சி வரி ஆள், 'திமிரு' என்றவர், எல்லோரும். உளுந்து ஏலத்துக்கு வந்தது. ஐம்பதில் ஆரம்பித்து, 'திமிரு'க்காரர் விடாமல் ஏற்றி ஏற்றி ஐந்நூறில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்! ஒரு படி உளுந்துக்கு!

"என்னங்க, அவருக்குத்தான் திமிருன்னீங்க?" என்று காதில் கேட்டேன்.

"திமிருதான். யாரு இல்லைன்னா?" என்றார், உளுந்தைத் துண்டில் முடிந்துகொண்டே. "வர்ற புரட்டாசிக்கு வெதைக்கு வேணும்லா?"

இந்தக் களேபரத்தில் நான் தலையைச் சொறியக் கையைத் தூக்கியிருக்கிறேன். பூசணிக்காய் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு என் தலையில் விழுந்தது. பதினொரு கிலோ. நெல்லை எக்ஸ்பிரஸில் அப்பர் பெர்த்தில் அதைப் படுக்கவைத்து, நான் ஒண்டிக்கொண்டு வந்தேன். டிக்கெட் பரிசோதகர் டார்ச் அடித்து அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"ஜாமீன் சார்" என்றேன்.